லிண்டோஸின் கூழாங்கல் முற்றம்: ரோட்ஸ் தீவில் ஒரு வார வாடகை வீடு

கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவில், லிண்டோஸ் என்னும் ஊரில் 2025 ஜூன் மாதம் நாங்கள் ஏழு பேர் ஒரு வாரம் தங்கியிருந்த வாடகை வீட்டைப் பற்றி மட்டக்களப்பின் கல்லடியிலும் ஆரையம்பதியிலும் உள்ள உறவினர்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட, அந்த வீட்டின் நிறைகளையும் குறைகளையும் ஒழுங்காக எழுதிவைப்பது பயன்படும் என்று தோன்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பமாகக் கூடி ஓய்வெடுக்கப் போகிறவர்கள் ஹோட்டலை விட்டு இத்தகைய வீட்டையே எடுக்க வேண்டும். ஆனால், கடல் தெரியும் மாடியின் படத்தைப் பார்த்து எடுக்காமல், முற்றம் எப்படி, குசினி எப்படி, வாசலுக்குப் போக எத்தனை படிகள் என்று கேட்டறிந்து எடுக்க வேண்டும்.

எங்கள் மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளுடன் சூரிச் நகரில் வாழ்கிறார்கள். அவர்கள் ஊருக்கு வரும்போது மூன்று வாரமும் உறவினர் வீடுகளுக்குப் போய்வருவதிலேயே கழிந்துவிடும். நாங்கள் சூரிச்சுக்குப் போனாலோ அவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட, நானும் கணவரும் யன்னலோரம் உட்கார்ந்திருப்போம். யாரும் யாரையும் பார்க்கப் போக வேண்டியில்லாத ஓரிடத்தில், ஒரே கூரையின் கீழ் ஏழு நாள் இருக்க வேண்டும் என்பதுதான் மகளின் விருப்பம். களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் அக்காவையும் சேர்த்துக்கொண்டோம். அவருக்கு வயது 71. இரண்டு முழங்கால்களிலும் வாதம் உண்டு. வீட்டை மதிப்பிடும்போது அந்த முழங்கால்களை நான் மறக்க முடியாது.

பயண ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, பயணத்தில் அதிக நாட்கள் தங்கவிருக்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், சூரிச்சில் ஒரு மாதமும் தீவில் ஒரு வாரமும் தங்கவிருந்த நாங்கள் சுவிட்சர்லாந்துக்கே விண்ணப்பித்தோம்; அந்த விசாவே கிரேக்கத்துக்கும் போதுமானது. வளர்ந்தவர் ஒருவருக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி, இவற்றுடன் தங்குமிடத்துக்கான அத்தாட்சியும் வேண்டும். முடிவு வர 15 நாட்கள் என்று சொல்லப்பட்டாலும் 45 நாட்கள் வரை எடுக்கலாம் என்பதை மனத்தில் வைத்து முன்கூட்டியே தொடங்குவது நல்லது. சூரிச்சிலிருந்து ரோட்ஸ் விமான நிலையம் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பறப்பு. அங்கிருந்து லிண்டோஸ் சுமார் 50 கிலோமீற்றர் தூரம்.

லிண்டோஸ் ஊருக்குள் கார் போகாது. சந்தைச் சதுக்கத்தில் இறங்கிவிட்டு, பெட்டிகளை அங்கு காத்திருக்கும் சிறிய சுமை வண்டியில் ஏற்றிவிட்டு நடக்க வேண்டும். ஒழுங்கைகள் இருவர் கைகோத்து நடக்கும் அகலமே உள்ளவை. இரு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய உயரமான மதில்கள். அந்த மதில்களின் நடுவே ஒரு கனத்த மரக்கதவு இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒரு வீடு இருப்பதாகவே தெரியாது. கதவைத் திறந்ததும், நாம் நினைத்திராத அளவுக்கு விரிந்த ஒரு முற்றம்.

அந்த முற்றத்தைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். கடற்கரையில் பொறுக்கிய கறுப்பு, வெள்ளைக் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பதித்து, அலைபோலவும் கொடிபோலவும் கோலமிட்டிருக்கிறார்கள். தரையில் போடும் கோலம் காலையில் இருந்து மாலைக்குள் அழிந்துவிடும். இது பல தலைமுறைகளின் காலடிகளைத் தாங்கிய கோலம். வெறுங்காலுடன் நடந்தால் உள்ளங்காலை மெல்ல அழுத்தும். முற்றத்தின் ஒரு மூலையில் எலுமிச்சை மரம், மறு பக்கத்தில் மல்லிகைக் கொடி, நடுவில் பத்துப் பேர் அமரக்கூடிய நீண்ட மேசை. மூன்று படுக்கையறைகளும் குசினியும் அந்த முற்றத்தை நோக்கியே திறக்கின்றன. எங்கள் ஊர்களில் இன்னும் எஞ்சியிருக்கும் நாற்சார் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும்: யார் எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் முற்றத்தைக் கடந்தே போக வேண்டும், கடக்கும்போது அங்கு இருப்பவரோடு ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். மகளும் நானும் பத்து ஆண்டுகளில் பேசாதவற்றை அந்த மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டே பேசினோம்.

இந்த வகை வீடுகள் 17ஆம் நூற்றாண்டில் கடல் வணிகத்தால் செல்வம் சேர்த்த கப்பல் தலைவர்கள் கட்டியவை. தெருக்கதவின் மேலே துறைமுகத்தைப் பார்க்கும்படி ஓர் அறையும், முன்கூடத்தில் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரப் படுக்கை மேடையும், கதவைச் சுற்றிக் கல்லில் செதுக்கிய பூக்களும் பறவைகளும் இவற்றின் அடையாளங்கள். சுவர்களில் வண்ணப் பீங்கான் தட்டுகளை வரிசையாகத் தொங்கவிடுவதும் அந்த ஊரின் வழக்கம். எங்கள் வீட்டில் இருந்த தட்டுகள் புதியவைதான். ஆனால் கதவுச் சிற்பம் பழையது, கைபட்டுக் கைபட்டு மழுங்கியிருந்தது. சுவர்கள் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பானவை. நண்பகலில் வெளியே வெயில் கொளுத்தினாலும் முன்கூடம் குளிர்ந்தே இருந்ததால், படுக்கையறைகளில் இருந்த குளிரூட்டிகளை இரவில் மட்டுமே இயக்கினோம்.

குசினி சிறியது என்றாலும் குறை சொல்ல முடியாதது. நான்கு அடுப்புகள், ஒரு சூட்டடுப்பு, பெரிய குளிர்சாதனப்பெட்டி, கனத்த அடியுடைய சட்டிகள் எல்லாம் இருந்தன. அரிசி மா, கறித்தூள், தேங்காய்ப்பால் மா, மாசி ஆகியவற்றை ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியோ பாற்பொருட்களோ கொண்டுவர முடியாது. கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஆகவே நாங்கள் ஊர்த் தயிரையும் கறிவேப்பிலையையும் நினைவில் மட்டுமே கொண்டுபோனோம். மருமகன் பக்கத்து ஊர்க் கடையில் வாங்கிவந்த சிப்பூரா என்னும் மீனை, முற்றத்து எலுமிச்சங்காயைப் பிழிந்து, அக்கா சொதி வைத்தார். வெண்சதையும் இனிப்பும் உள்ள மீன். சொதிக்கு நன்றாகவே பொருந்தியது.

தயிர் பற்றியும் சொல்ல வேண்டும். மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரில் வளர்ந்த மட்டக்களப்பார், வேறு எந்த ஊர்த் தயிரையும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. கிரேக்கத் தயிர் வடிகட்டிய தயிர். கரண்டியை நிறுத்தினால் நிற்கும். அதன் மேல் காட்டுத் தைம் செடியின் பூத்தேனை ஊற்றிப் பிட்டுடன் சாப்பிட்டபோது, மீன்பாடும் தேனாடான மட்டக்களப்பில் பிறந்த எங்களுக்கே அந்தத் தேன் வியப்பைத் தந்தது. நிறம் பொன், மணம் கடுமையானது, நாவில் நெடுநேரம் நிற்பது. எள்ளையும் தேனையும் சேர்த்து, வாதுமைப் பருப்பு இட்டுச் செய்யும் மெலெகூனி என்ற இனிப்பை ரோட்ஸ் மக்கள் திருமணத்தில் வழங்குவது மரபு. வாயில் வைத்ததும் அக்கா “இது எங்கட எள்ளுருண்டைதான்டி” என்றார். கடலைப்பருப்பு வடையை ஒத்த பித்தரூதியா என்ற பொரியல், அவித்த கொண்டைக்கடலையுடன் வெங்காயமும் புதினாவும் சேர்த்துச் செய்வது. சாப்பாட்டுக் கடைகளில் மீனுக்குக் கிலோக் கணக்கில் விலை குறிப்பார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எடையைக் கேட்காமல் சொல்லிவிட்டால் பில் வரும்போது அதிர்ச்சியாக இருக்கும். மூன்று இரவுகள் மட்டுமே வெளியே சாப்பிட்டோம்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். வீட்டை எங்களுக்கு ஒழுங்குசெய்து தந்த முகவரிடம், முழங்கால் வலியுள்ள ஒருவர் வருகிறார், படிகள் உண்டா என்று மகள் எழுத்திலேயே கேட்டிருந்தார். “சதுக்கத்திலிருந்து சமதரையான நடை” என்று பதில் வந்தது. அங்கே போய்ப் பார்த்தால், ஒழுங்கை முழுவதும் ஏற்றம். வாசலுக்கு முன் 23 படிகள். பல நூற்றாண்டுக் கால்கள் தேய்த்த கற்கள் கண்ணாடிபோல் வழுக்குகின்றன. அக்கா முதல் நாள் வந்து சேர்ந்தபோது மூன்று இடங்களில் உட்கார்ந்து எழுந்துதான் வந்தார். அதன் பின் மூன்று நாட்கள் வெளியே இறங்கவில்லை. முகவரிடம் முறையிட்டபோது வருத்தம் தெரிவித்தாரே தவிர, தவறான தகவல் தந்ததை ஒப்புக்கொள்ளவில்லை. கேட்காமல் போயிருந்தால் எங்கள் பிழை என்று இருந்திருப்போம். கேட்ட கேள்விக்கு உண்மையில்லாத பதில் தந்ததை நான் சிறிய விடயமாக எடுக்கவில்லை. முதியவர்களுடன் போகிறவர்கள் சொல்லை நம்பாமல், சதுக்கத்திலிருந்து வாசல் வரை நடந்து எடுத்த ஒரு வீடியோவைக் கேட்டுப் பெற வேண்டும்.

அடுத்த குறை கழிவறை. பழைய குழாய்கள் ஒடுங்கியவை என்பதால், கடதாசியைக் கழிவுக் கிண்ணத்துள் போடாமல் பக்கத்திலுள்ள கூடையில் போட வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இது கிரேக்கத் தீவுகளில் பொதுவான ஏற்பாடு. தண்ணீர்ப் பழக்கமுள்ள நமக்கு அங்கு கைக்குழாய் இல்லை. ஒரு சிறிய வாளியும் செம்பும் வாங்கிக்கொண்டோம், அது தீர்வாகியது. குளிக்கும் சுடுநீர் கூரையிலுள்ள சூரிய நீர்சூடாக்கியிலிருந்து வருவதால் காலையில் ஏழு பேருக்குப் போதவில்லை. குடிக்கப் போத்தல் தண்ணீரே வாங்கினோம். இவற்றை விடத் தொல்லையானது இரவு இசை: ஊரின் நடுவிலுள்ள மதுச்சாலைகளின் ஒலி நள்ளிரவைத் தாண்டியும் கேட்டது. எங்கள் வீடு சற்று மேலே இருந்ததால் பிள்ளைகள் தூங்கினார்கள். நடுத்தெருவில் வீடு எடுப்பவர்களுக்கு அது வாய்க்காது.

வாடகை ஏழு இரவுகளுக்கு 2,100 யூரோ. அதற்கு வெளியே, ஒவ்வொரு இரவுக்கும் அரசுக்குச் செலுத்தும் தங்குமிட வரியும் உண்டு. வீட்டின் வகையையும் பருவத்தையும் பொறுத்து அது மாறும், முன்பதிவு விலையில் பெரும்பாலும் சேர்ந்திராது. இரண்டு ஹோட்டல் அறைகளும் மூன்று வேளைச் சாப்பாடும் ஏழு பேருக்கு எவ்வளவு வரும் என்று மருமகன் கணக்குப் பார்த்திருந்தார். வீடு மலிவாகவே முடிந்தது. சுத்தம் செய்யவும் திறப்பைத் தரவும் வந்த பெண்மணி எங்களிடம் காட்டிய அக்கறை இந்தக் கணக்கில் வராதது. அக்காவின் கால் நிலையைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஒரு கதிரையும் கால் வைக்க ஒரு மணையும் கொண்டுவந்து எலுமிச்சை நிழலில் போட்டார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. இருந்தும் மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கடற்கரை வீட்டிலிருந்து பத்து நிமிடம். பெரிய கடற்கரையின் நீர் தெளிவானது, கரையருகே ஆழம் குறைந்தது. பாசிக்குடாவில் பிள்ளைகளைப் பயமின்றி இறக்கிவிடுவதுபோல் இறக்கலாம். ஆயினும் பத்து மணிக்குப் பிறகு பஸ்களிலும் படகுகளிலும் வருகிற ஒருநாள் பயணிகளால் அது நிறைந்துவிடும். நாங்கள் ஏழு மணிக்குப் போய் ஒன்பதரைக்குத் திரும்பினோம். மலையின் மறு பக்கத்தில் பாறைகள் ஏறக்குறைய முழுதாக மூடிக்கொண்ட சிறிய விரிகுடா ஒன்று உண்டு. திருத்தூதர் பவுல் புயலுக்கு ஒதுங்கிய இடம் என்று ஊரார் நம்புவதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். தமிழ் விவிலியத்தில் ரோது தீவு என்று வருவது இந்தத் தீவுதான். வாவிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த அசைவற்ற நீர் பழக்கமான அமைதியைத் தரும். என் கணவர் நான்கு மாலைகள் அங்கேயே இருந்தார்.

ஊருக்கு மேலே 116 மீற்றர் உயரப் பாறையின் உச்சியில் பழைய அரண்கோவில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மகளும் நானும் ஏறினோம். ஏறக்குறைய 300 படிகள். கீழே கழுதைகளை வைத்துக்கொண்டு அழைப்பார்கள். ஒரு கழுதை 100 கிலோவுக்கு மேல், அல்லது தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்று 2018 இல் கிரேக்க அரசு விதி செய்திருக்கிறது. அந்த வெயிலில் அவற்றின் மேல் ஏற எங்களுக்கு மனம் வரவில்லை. உச்சிக்குப் போகும் வழியில், பாறையிலேயே செதுக்கிய ஒரு போர்க்கப்பலின் பின்புறத்தைக் காணலாம். பித்தோக்கிரித்தோஸ் என்ற சிற்பி கி.மு. 2ஆம் நூற்றாண்டில் செதுக்கியது. அதன் அணியமோ பாயோ இல்லை, ஆனாலும் கப்பல் இப்போதுதான் கரைசேர்ந்தது போல் இருக்கிறது. தோணி கட்டுவதைச் சிறுவயதில் பார்த்த நான் அதைத் தாண்டிப் போக நெடுநேரமாயிற்று. மேலே 87 மீற்றர் நீளத் தூண் மண்டபமும், அதற்கும் மேலே லிண்டோஸ் அதேனா தேவியின் கோவிலும் உள்ளன. சுற்றிலும் நிற்கும் கோட்டை மதில்கள் பிற்காலத்தில் புனித யோவான் சபை என்ற கிறிஸ்தவப் படைத்துறவியர் எழுப்பியவை.

1900 முதல் 1914 வரை டென்மார்க் நாட்டு அறிஞர்கள் இங்கு அகழ்ந்தபோது கிடைத்தவற்றில் ஒன்று, கி.மு. 99 இல் வெட்டிய ஒரு கல்வெட்டு. தேவிக்குப் பழங்காலத்தில் யார் யார் என்னென்ன காணிக்கை தந்தார்கள், அவற்றில் எவை தொலைந்துபோயின என்பதை அது வரிசைப்படுத்துகிறது. தொலைந்த காணிக்கைகளுக்காக ஒரு பட்டியல்! கோவில்களின் மரபுகளையும் உரிமைகளையும் கல்வெட்டுப் பாடல்களாகக் காத்துவரும் எங்கள் ஊரார் இதன் பொருளை உடனே உணர்வார்கள். அந்தக் கல் ஒரு தேவாலயத் தரையில் பதிக்கப்பட்டிருந்து கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொப்பன்ஹேகனில் இருக்கிறது.

ரோட்ஸ் நகரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்கினோம். அதற்கு மேல் ஒதுக்கினால் ஓய்வு கெட்டுவிடும். யுனெஸ்கோ 1988 இல் உலக மரபுரிமையாக அறிவித்த பழைய நகரம், ஏறக்குறைய 4 கிலோமீற்றர் மதில்களுக்குள் இன்றும் மக்கள் வாழும் நகரமாக இருக்கிறது. 1309 முதல் 1522 இல் ஒட்டோமன் சுல்தான் சுலைமான் கைப்பற்றும் வரை யோவான் சபையினர் இதை ஆண்டார்கள். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி 1638 இல் ஒல்லாந்தர் வசமான எங்கள் புளியந்தீவுக் கோட்டையை நாளாந்தம் பார்த்தவர்களுக்கும் அந்த அகழியின் ஆழம் பெரிதாகவே தெரியும். யோவான் சபைத் தலைவரின் மாளிகை உண்மையில் 1856 இல் வெடிமருந்து வெடித்துச் சிதைந்தது. இன்று நாம் பார்ப்பது 1937க்கும் 1940க்கும் இடையில் இத்தாலியர் மீளக் கட்டியது. இதை அறிந்துகொண்டு பார்த்தால் ஏமாற்றம் இராது. யூத மறைசாட்சிகள் சதுக்கத்தில் ஒரு கறுங்கல் நினைவுத்தூண் நிற்கிறது. 1944 ஜூலையில் இங்கு வாழ்ந்த யூதர்களில் 1,600க்கும் மேற்பட்டோர் நாசிகளின் அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். மிகச் சிலரே திரும்பினார்கள். பேரப்பிள்ளைகள் ஐஸ்கிறீம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பெரியவர்கள் சற்று நேரம் அங்கேயே நின்றோம்.

காலத்தைப் பற்றி ஒரு சொல். ஜூன் மாதம் மட்டக்களப்பில் கச்சான் காற்று அனலாய் வீசும் பருவம். அதை விட்டுப் போனதனால் லிண்டோஸின் உலர்ந்த வெயில் எங்களுக்குத் தாங்கக்கூடியதாகவே இருந்தது. ஆனால் மலைகளும் வெள்ளைச் சுவர்களும் சூட்டைப் பிடித்துவைக்கும் அந்த ஊர், தீவிலேயே வெப்பம் மிகுந்த இடங்களில் ஒன்று. 2023 ஜூலையில் தீவின் தென்கிழக்கில் பரவிய காட்டுத்தீயால் ஏறக்குறைய 19,000 பேரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. தெற்கே போகும் வழியில் கருகிய சரிவுகளை இன்னும் பார்க்கலாம். முதியவர்களோடும் பிள்ளைகளோடும் போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து, ஜூன் முதற்பாதியையோ செப்டெம்பர் கடைசியையோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் அக்கா, மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு, 23 படிகளையும் பக்கவாட்டில் இறங்கி, மாதா தேவாலயத்தின் வாசல் வரை போய்வந்தார். அங்கும் அதே கூழாங்கல் தரை. திரும்பி வந்து எலுமிச்சை நிழலில் உட்கார்ந்தவரிடம், அடுத்த முறையும் இந்த வீட்டையே எடுப்போமா என்று மகள் கேட்டபோது, “முத்தம் இதுவாயிருக்க வேணும், படி மட்டும் வேண்டாம்” என்றார். அந்த நிபந்தனையை எழுதிக்கொடுத்து, சதுக்கத்துக்கு அருகே, படியில்லாத ஒரு முற்றத்து வீட்டை மகள் இப்போதே தேடத் தொடங்கியிருக்கிறார்.